ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தடம்: வீட்டு ஒலிப்பதிவு வளர்ந்த வரலாறு



சென்ற மாதம் பள்ளி முடிந்த வேளையில் பெற்றோர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் என் முன்னாள் மாணவர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அவருடைய மகன் கித்தார் வாசிக்கிறான். சொந்தமாகப் பாட்டும் கட்டுகிறான். அவற்றை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புகிறான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலை என்னிடம் நீட்டி, "ஐயா, இவ்வளவும் தேவைதானா? பதினாறு தடம் என்கிறார்கள், இருபத்து நான்கு தடம் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றார். பட்டியலில் கண்ட தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தபோது பழைய கதை ஒன்று எழுந்தது. 1994-ஆம் ஆண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர் பன்னிருவரைப் பாடவைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தேன். கையில் இருந்தது ஒரு கேசட் பதிவுக்கருவியும் ஓர் ஒலிவாங்கியும் மட்டுமே. ஐந்து முறை பாடியும் ஒரு மாணவனின் குரல் சுருதியை விட்டு விலகியது. தகரக் கூரைமேல் மழை விழத் தொடங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் நான் அவனிடம், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றேன். ஆறாவது முறை பாட்டு ஒழுங்காக அமைந்தது. அன்று வாயை மட்டும் அசைத்தவர்தான் இன்று பட்டியலோடு வந்திருந்த அந்தத் தந்தை. விடைபெறும்போது சிரித்துக்கொண்டே, "அந்தப் பாட்டில் நான் இல்லையே, ஐயா" என்றார். அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

எந்தக் கருவியை வாங்குவது என்ற அவருடைய வினாவுக்கும், அன்று நான் செய்த பிழைக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

தடம் என்பது என்ன?

தனித்தனியே பதிவு செய்து, தனித்தனியே கேட்டு, தனித்தனியே திருத்தக்கூடிய ஒலியின் பாதையே தடம். பாடகரின் குரல் ஒரு தடத்திலும் கித்தார் மற்றொரு தடத்திலும் மிருதங்கம் மூன்றாம் தடத்திலும் இருந்தால், குரல் பிசகிய இடத்தில் குரலை மட்டும் மீண்டும் பாடிச் சேர்க்கலாம். மற்றவர்களின் உழைப்பு அழியாது. இதுவே பல்தட ஒலிப்பதிவு. இது நமக்கு இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் மனிதன் ஒலியைப் பதியக் கற்ற பிறகு இந்த இடத்தை வந்தடைய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன.

ஒரே மூச்சில் ஒரே பதிவு

தாமஸ் எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஈயத்தாள் சுற்றிய உருளையில் தம் குரலைப் பதித்தார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. ஒரு பெரிய கூம்பின் முன் பாடகர் நின்று பாடுவார். உரத்து ஒலிக்கும் கருவிகளை வாசிப்போர் பின்னே தள்ளி நிற்பர். ஒலியின் அளவைச் சீர்செய்ய ஒரே வழி ஆட்களை நகர்த்தி நிறுத்துவதுதான். 1925-ஆம் ஆண்டில் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் பதிவுக்கூடங்களுக்குள் நுழைந்தன. ஒலி தெளிவடைந்தது, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பிழையின்றி இசைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் மாறவில்லை. ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டை அவிழ்க்க முயன்றவர்களுள் ஒருவர் ஜாஸ் இசைக்கலைஞர் சிட்னி பெஷே. 1941-ஆம் ஆண்டில் அவர் ஒருவரே கிளாரினெட், இருவகைச் சாக்சபோன்கள், பியானோ, பாஸ், டிரம் ஆகிய ஆறு கருவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். முதலில் பதிந்த தட்டை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் புதிய தட்டில் பதிவது அம்முறை. ஒவ்வொரு படியெடுப்பிலும் இரைச்சல் கூடியது. பழைய ஒலி மங்கியது.

காந்த நாடாவின் வருகை

மாற்றத்துக்கான பொருள் செருமனியில் பிறந்தது. பிரிட்ஸ் பிளாய்மர் என்பவர் 1928-ஆம் ஆண்டில் தாள் நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி ஒலியைக் காந்தமாகப் பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். ஏ.இ.ஜி. நிறுவனம் அதை வளர்த்தெடுத்து, மேக்னட்டோபோன் என்னும் பொறியை 1935-ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படை அதிகாரி அத்தகைய பொறிகள் இரண்டையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். 1946-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பொறியாளர்கள் முன்னிலையில் அவற்றை இயக்கிக் காட்டினார்.

அதைக் கேள்வியுற்ற பாடகர் பிங் கிராஸ்பி, 1947-ஆம் ஆண்டில் தம் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிவு செய்யத் தொடங்கினார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து, அமெரிக்காவிலேயே அத்தகைய பொறி உருவாகத் துணைபுரிந்தார். தட்டில் வெட்டிய ஒலியை மாற்ற இயலாது. நாடாவையோ வெட்டலாம், ஒட்டலாம், அழித்து மீண்டும் பதியலாம். பிழை செய்யும் உரிமை முதன்முதலாக இசைக்கலைஞனுக்குக் கிடைத்தது.

வீட்டையே பதிவுக்கூடமாக்கியவர்

வீட்டு ஒலிப்பதிவின் முன்னோடி என்றால் லெஸ் பால் என்ற கித்தார் கலைஞரையே குறிப்பிட வேண்டும். 1915-ஆம் ஆண்டில் பிறந்த இவர், ஹாலிவுட்டில் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் தட்டு வெட்டும் பொறிகளை வைத்துப் பழகியவர். அப்பொறி ஒன்றுக்குச் சீரான சுழற்சி வேண்டும் என்பதற்காகக் காடிலாக் மகிழுந்தின் சுழல்சக்கரத்தையே பயன்படுத்தினார். 1948-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய வலக்கை முழங்கை நொறுங்கியது. மீண்டும் மடக்க இயலாத அக்கையை, கித்தாரைப் பற்றுவதற்கு ஏற்ற கோணத்தில் நிலைப்படுத்துமாறு மருத்துவர்களை வேண்டிக்கொண்டார்.

1949-ஆம் ஆண்டில் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் நாடாப் பொறியை அன்பளிப்பாகத் தந்தார. லெஸ் பால் அப்பொறியில் கூடுதலாக ஒரு வாசிப்பு முனையைப் பொருத்தச் செய்தார். நாடா முதலில் அம்முனையைக் கடக்கும். பழைய ஒலி வெளிவரும். அடுத்து அழிப்பு முனை அதைத் துடைத்துவிடும். பழைய ஒலியும் புதிதாக வாசித்ததும் கலந்து அதே நாடாவில் பதியும். ஒரே பொறியில் அடுக்கடுக்காக இசையை ஏற்றும் வழி இது. அவரும் அவருடைய மனைவி மேரி போர்டும் இம்முறையில் வீட்டிலேயே பதிவு செய்த 'ஹவ் ஹை த மூன்' என்ற பாட்டு 1951-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாட்டு வரிசையில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இம்முறையின் இடர்ப்பாட்டை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். புதிய அடுக்கு ஏறும்போது பழைய அடுக்கு அழிகிறது. பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் தவறினால் முன்னைய ஒன்பது அடுக்குகளும் வீணாகும். அதனால் லெஸ் பால் எதை முதலில் பதிவது, எதை இறுதியில் பதிவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வார். பலமுறை படியெடுக்கப்பட்டு மங்கக்கூடிய துணை ஒலிகளை முதலிலும், தெளிவாகக் கேட்க வேண்டிய முதன்மைப் பகுதியை இறுதியிலும் பதிந்தார். கருவியின் குறையைத் திட்டமிடலால் ஈடுசெய்தார்.

எட்டுத் தடப் பொறி

ஒரே நாடாவில் பல தடங்களை அருகருகே வைத்தால் இந்த அழிவு நேராது என்பது லெஸ் பாலின் எண்ணம். அதற்கு ஒரு தடை இருந்தது. நாடாப் பொறியில் பதிவு முனை ஓரிடத்திலும் வாசிப்பு முனை சில சென்டிமீட்டர் தள்ளி வேறோரிடத்திலும் இருக்கும். முதல் தடத்தை வாசிப்பு முனையில் கேட்டுக்கொண்டு இரண்டாம் தடத்தைப் பதிந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று நேரம் தவறி அமையும். நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும்போது, முனைகளுக்கிடையே 4 சென்டிமீட்டர் இருந்தால் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் ஏற்படும். தாளம் கெட அது போதும்.

ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராஸ் சினைடர் இதற்குத் தீர்வு கண்டார். பழைய தடத்தைப் பதிவு முனையிலேயே வாசிக்கச் செய்தால் இடைவெளி மறைந்துவிடும். இந்த ஏற்பாட்டோடு ஓர் அங்குல அகல நாடாவில் எட்டுத் தடங்களைக் கொண்ட பொறி 1957-ஆம் ஆண்டில் லெஸ் பாலின் வீட்டுக்கு வந்தது. விலை ஏறத்தாழ 10,000 டாலர். அவருடைய புகழ்பெற்ற பாட்டு அப்பொறி வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே முதலிடம் பெற்றுவிட்டது என்பதையும் மறக்கலாகாது.

பெரிய கூடங்களும் உடனே எட்டுத் தடத்துக்கு மாறிவிடவில்லை. 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தொகுப்பு இலண்டனில் நான்கு தடப் பொறிகளைக் கொண்டே பதிவானது. நான்கு தடங்கள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு பொறிக்குப் படியெடுத்துப் புதிய தடங்களுக்கு இடம் தேடினர். கலந்ததைப் பிறகு பிரிக்க இயலாது. ஆகவே எது உரக்க ஒலிக்க வேண்டும், எது அடங்கி ஒலிக்க வேண்டும் என்பதை அங்கேயே முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கேசட்டுக்குள் அடங்கிய கூடம்

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டியாக் நிறுவனம் நான்கு தடச் சுருள்நாடாப் பொறிகளை வீட்டுக் கலைஞர்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கத் தொடங்கியது. 1979-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 144 என்ற எண்ணுடன் போர்ட்டாஸ்டூடியோ என்னும் கருவியை வெளியிட்டது. நாம் எல்லாரும் பயன்படுத்திய சாதாரணக் கேசட்டே அதன் நாடா. கேசட்டின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டாக உள்ள நான்கு தடங்களையும் அது ஒரே திசையில் பயன்படுத்தியது; ஒலி தெளிவாக அமைய நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது. அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே பதிய முடியும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரும் அதே பெட்டிக்குள் இருந்தது.

1982-ஆம் ஆண்டு ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தம் வாடகை வீட்டில் இக்கருவியையும் ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகள் இரண்டையும் வைத்துச் சில பாட்டுகளைப் பதிந்தார். குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு என்றே அவர் கருதினார். உறைகூட இல்லாமல் அந்தக் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பின்னர்ப் பெரிய கூடத்தில் முழுக் குழுவோடு பதிந்து பார்த்தபோது பாட்டின் உயிர் போய்விட்டதாக உணர்ந்தார். இறுதியில் அந்தக் கேசட்டில் இருந்தவையே அவ்வாண்டு 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் வெளிவந்தன. அன்று அவர் பயன்படுத்திய ஒலிவாங்கி 1965-ஆம் ஆண்டில் அறிமுகமானது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

கணினிக் காலம்

1992-ஆம் ஆண்டில் அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் பொறி விற்பனைக்கு வந்தது. வீடியோ நாடா போன்ற பேழையில் எட்டுத் தடங்களை எண்ணியல் முறையில் பதியும் பொறி அது. இத்தகைய பதினாறு பொறிகளை இணைத்தால் 128 தடங்கள் கிடைக்கும். அதே ஆண்டில் தமிழரின் இசையிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. அதற்கு முன் திரையிசையில் பாடகரும் பெரிய இசைக்குழுவும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் பாடி வாசிப்பதே நெடுங்கால வழக்கம். ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தில் தடம் தடமாக இசையை அடுக்கினார். அவருடைய முதல் படமான 'ரோஜா' 1992-ஆம் ஆண்டில் வெளிவந்து, அவருக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்தது.

பிறகு தனிப்பொறிகளின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வெளிவந்தது. 2004-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் கராஜ்பேண்ட் மென்பொருளை வெளியிட்டது. வாகனக் கொட்டகையைக் குறிக்கும் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் பில்லி ஐலிஷ் வெளியிட்ட முதல் முழுத் தொகுப்பை அவரும் அண்ணன் பினியஸும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையிலேயே பெரும்பாலும் பதிந்தனர். 2020-ஆம் ஆண்டு கிராமி விழாவில் அது ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்வு பெற்றது.

ஆகவே, பெற்றோர்களே, எதை வாங்குவது?

இந்த வரலாற்றிலிருந்து நான் அந்தத் தந்தைக்குச் சொன்னவை இவை:

1. தடங்களின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்றைய சாதாரண மடிக்கணினியே பல பத்துத் தடங்களைத் தாங்கும். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கிகளைச் செருக வேண்டும் என்பதே கேட்க வேண்டிய வினா. தனியே பாடி, தனியே வாசித்து அடுக்கும் மாணவனுக்கு இரண்டு உள்ளீடுகள் போதும். டிரம் தொகுதியையோ முழுக் குழுவையோ ஒரே நேரத்தில் பதிவோருக்கே எட்டு உள்ளீடுகள் தேவைப்படும்.

2. ஒலிவாங்கியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இண்டர்பேஸ் கருவியில், நம் குரலைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேரடியாகக் காதுக்கு அனுப்பும் வசதி இருக்க வேண்டும். ராஸ் சினைடர் தீர்த்து வைத்த தாமதச் சிக்கல் கணினியில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், கணினி 256 மாதிரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இயங்கினால், உள்ளே செல்ல 5 மில்லிநொடிக்கு மேலும் வெளியே வர அதே அளவும் ஆகும். இது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரின் பாட்டைக் கேட்பது போன்றது. மாதிரிகளை 1024 ஆக்கினால் அவர் பதினான்கு மீட்டர் தள்ளிப் போய்விடுவார். அந்நிலையில் தாளத்தோடு பாடுவது கடினம்.

3. அறைக்கேற்ற ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுங்கள். கண்டென்சர் வகை நுட்பமான ஒலிகளையும் பற்றும். அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தை இண்டர்பேஸ் கருவி வழங்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் மின்விசிறி, தெருவில் போகும் மோட்டார்சைக்கிள், கூரைமேல் மழை ஆகியவற்றையும் அது விட்டுவைக்காது. அமைதியான அறை இல்லாதவர்களுக்கு, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் வகையே ஏற்றது.

4. காதை முழுவதும் மூடும் ஹெட்போன் வாங்குங்கள். திறந்த வகையாயின், காதில் ஒலிக்கும் பழைய தடம் கசிந்து ஒலிவாங்கிக்குள் போய்விடும். தடங்களைத் தனித்தனியே வைக்கும் நோக்கமே அதனால் கெடும்.

5. அறைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. துணி நிறைந்த அலமாரி, மெத்தை, கெட்டியான போர்வை ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். பதியும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

6. மென்பொருளை இலவசமானதில் தொடங்குங்கள். 24 பிட் அளவில், ஒலியின் உச்சத்தை எல்லைக்குச் சற்றுக் கீழேயே வைத்துப் பதிய மகனுக்குச் சொல்லுங்கள். எல்லையைத் தாண்டிச் சிதைந்த ஒலியைப் பிறகு சீராக்குவது அரிது.

7. எல்லாத் தடங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கலந்து முடித்த பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு தடங்களை அழித்துவிடலாகாது.

இவ்வகையில் இரண்டு உள்ளீடுள்ள இண்டர்பேஸ், ஓர் ஒலிவாங்கி, தாங்கி, கம்பி, ஹெட்போன் ஆகிய ஐந்தே போதும். கடைக்காரரின் பட்டியலில் இருந்த மற்றவற்றை நாங்கள் இருவரும் சேர்ந்து அடித்துவிட்டோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

கருவி மலிந்துவிட்ட காலத்தில் நமக்கு வேறொரு பொறுப்பு வந்து சேர்கிறது. விலகிய சுருதியை மென்பொருளே இழுத்து நிறுத்தும் வசதி 1997-ஆம் ஆண்டு முதலே உண்டு. பிள்ளையின் குரலை அப்படித் திருத்திவிடுவது எளிது. ஆயினும், "இந்த வரியை இன்னொரு முறை பாடு, காத்திருக்கிறேன்" என்று சொல்வதே ஆசிரியரின் பணி. லெஸ் பால் விரும்பிய தனித்தடம் நமக்கு அந்தப் பொறுமையைத் தருகிறது. ஒருவன் திருத்திக்கொள்ளும் வரை மற்ற பதினொருவரின் பாட்டு அழியாமல் காத்திருக்கும்.

1994-ஆம் ஆண்டில் என்னிடம் அந்தக் கருவி இல்லை என்பது உண்மை. ஆனால் பன்னிருவரையும் ஒலிவாங்கிக்கு முன்பின்னாக நகர்த்தி நிறுத்திப் பார்த்திருக்கலாம். கூம்பின் காலத்தில் எல்லாரும் செய்தது அதுதானே? அந்த மாணவனைச் சற்றுப் பின்னே நிறுத்தியிருந்தால், மங்கலாகவேனும் அவன் குரல் அந்த நாடாவில் இருந்திருக்கும். கருவியைக் குறை சொல்லி நான் ஒதுங்கிவிட முடியாது.

அந்தப் பழைய கேசட்டைத் தேடி எடுத்துக் கணினிக்கு மாற்றியிருக்கிறேன். அது முதல் தடம். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாடித் தரும்படி அந்தத் தந்தையிடம் கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு, மகனின் கருவி வந்ததும் அவனே பதிவு செய்யட்டும் என்று இசைந்தார். பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குச் செல்ல இருக்கிறேன். சுருதி விலகினால் மீண்டும் பாடலாம். நேரம் இருக்கிறது.